இறக்குவானையிலிருந்து கான் வரை: தர்ஷன் தர்மராஜ் கடந்த தூரம்

2022 ஒக்டோபர் 2ஆம் திகதி நடிகர் தர்ஷன் தர்மராஜ் கொழும்பில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 41. அன்று எனது முகநூல் பக்கத்தில் வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை சிங்களத்தில் இருந்தன. சிங்களத் திரைத்துறையினர் தங்களுக்குள் ஒருவரை இழந்ததாக எழுதினார்கள். தமிழில் எழுதியவர்களில் சிலர், "இவர் தமிழர் என்பதே இப்போதுதான் தெரியும்" என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் நாட்டுத் தமிழ் நடிகர்களில் இவ்வளவு தூரம் வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவரை எங்களில் பலருக்கு இறந்த பிறகுதான் தெரியவந்தது. இதற்கு மறதி மட்டும் காரணமல்ல. அவர் நடித்த படங்கள், அவற்றில் அவருக்குக் கிடைத்த பாத்திரங்கள், அவை வெளிவந்த காலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடைவெளி விளங்கும். இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பற்றியது.

1981, இறக்குவானை

தர்ஷன் 1981இல் இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானையில் பிறந்தார். மலையகம் என்றவுடன் எங்கள் நினைவுக்கு வருவது நுவரெலியாவும் ஹட்டனும்தான். சப்ரகமுவவின் தமிழர்கள் அந்த நினைவில் அதிகம் வருவதில்லை. அங்கே தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் இருக்கின்றன. தமிழர்கள் பெரும்பான்மைச் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தொகுதிகளாக வாழ்கிறார்கள். வடக்குக் கிழக்கில் இருக்கும் அரசியல் பலமோ, நுவரெலியாவில் இருக்கும் வாக்குப் பலமோ அவர்களுக்கு இல்லை.

அவர் பிறந்த அதே 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் வீடுகளை விட்டு ஓடினார்கள். 1983 ஜூலையைப் பற்றிப் பேசும் நாங்கள் 1981 ஓகஸ்ட்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அது மலையகத்தாருக்கு நடந்தது என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் திரையில் வடக்கின் போராளியாகத் திரும்பத் திரும்பத் தோன்றிய நடிகர் வடக்கைச் சேர்ந்தவர் அல்ல. யுத்தத்தின் பெயரால் தமிழர் அனைவருக்கும் விழுந்த அடியை, யுத்த பூமிக்கு வெளியே இருந்து வாங்கிய ஒரு சமூகத்தின் மாவட்டத்திலிருந்து வந்தவர் அவர்.

தமிழ் நடிகருக்கு இருந்த மூன்று வழிகள்

இலங்கையில் நடிக்க ஆசைப்பட்ட ஒரு தமிழருக்கு வரலாற்றில் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, கடல் கடந்து சென்னைக்குப் போவது. மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் படித்து, ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் தென்னிந்தியாவில் நிலைத்தார். "சுராங்கனி" பாடலால் புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரன் இங்கே கதாநாயகனாக நடித்தவர். சென்னைக்குப் போன பிறகு பெரும்பாலும் வில்லனின் ஆளாகவும் துணைப் பாத்திரங்களிலும் தோன்றினார். "சிலோன் மனோகர்" என்பதே அங்கே அவரது பெயரானது. அந்த வழியில் போனவர்கள் பெற்றதும் இழந்ததும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இரண்டாவது, இங்கேயே தமிழ்ப் படம் எடுத்து அதில் நடிப்பது. 1962இல் வந்த "சமுதாயம்" முதல் 1993இல் வந்த "சர்மிளாவின் இதயராகம்" வரை, திரையரங்குக்கு வந்த இலங்கைத் தமிழ்ப் படங்கள் முப்பதைத் தாண்டவில்லை. அவற்றில் பலவற்றுக்குக் கொழும்பே தளம். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் "புதிய காற்று" (1975), "நான் உங்கள் தோழன்" (1978), "நாடு போற்ற வாழ்க" (1981) ஆகியவற்றைத் தயாரித்து நடித்தார். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்த படமாக "புதிய காற்று" இன்றும் நினைக்கப்படுகிறது. வானொலியில் மக்கள் விரும்பிக் கேட்ட நகைச்சுவை நாடகம் 1976இல் "கோமாளிகள்" என்ற படமானது. எஸ். ராம்தாஸ், ரி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறியாத வீடு அப்போது இருக்கவில்லை. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த "வாடைக்காற்று" (1978) வடபுலத்தின் கடலோர வாழ்க்கையைக் காட்டியது.

ஆனால் இந்த வழி அகலமாகவில்லை. சந்தை சிறியது. அதே திரையரங்கில், அதே ரசிகருக்காக, எம்.ஜி.ஆர். படத்துடனும் சிவாஜி படத்துடனும் போட்டியிட வேண்டும். ஒரு படம் எடுத்தவருக்கு இரண்டாவது படம் எடுக்கக் காசு மிஞ்சவில்லை. நடிகர்கள் பகலில் அரச உத்தியோகமோ வானொலி வேலையோ பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் நடித்தார்கள். நடிப்பை நம்பி வாடகை கட்டியவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம்.

மூன்றாவது வழி, சிங்களத் திரைக்குள் போவது. அந்தக் கட்டடத்தின் அத்திவாரத்தில் தமிழர்கள் இருந்தார்கள் என்பதை இன்றைய தலைமுறை அறிவதில்லை. முதல் சிங்களப் பேசும் படமான "கடவுனு பொரொந்துவ" (1947) படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். அது படமாக்கப்பட்டது மதுரையில். சிங்களத் திரையிசைக்கு மறக்க முடியாத மெட்டுகளைத் தந்தவர்களில் ஒருவர் ஆர். முத்துசாமி. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய "சந்தேசய" (1960) படத்தைத் தயாரித்தவர் கே. குணரத்தினம். முதலாளிகளாக, இசையமைப்பாளர்களாக, தொழில்நுட்பக் கலைஞர்களாகத் தமிழர்கள் இருந்தார்கள். திரையின் முன்னால், முகமாக நின்றவர்கள் குறைவு.

1983 ஜூலை அந்த அத்திவாரத்தையும் எரித்தது. ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. அங்கே பாதுகாக்கப்பட்ட படச்சுருள்களும் அழிந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்கள் என்பதை எரித்தவர்கள் யோசிக்கவில்லை. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட் அந்த நாட்களில் கொல்லப்பட்டார். தமிழர்களுக்குச் சொந்தமான திரையரங்குகள் எரிக்கப்பட்டன. அதன்பின் ஒரு தமிழ் இளைஞர் கொழும்பில் நடிகராகலாம் என்று கனவு காண்பதற்கே கால் நூற்றாண்டு எடுத்தது.

2007, 2008: சோதனைச் சாவடிக் காலம்

தர்ஷன் திரைக்கு வந்த காலத்தைக் கவனியுங்கள்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் புறக்கோட்டையும் அந்தச் சுற்றிவளைப்பில் இருந்தன. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. அன்றைய பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். 2008 செப்டெம்பரில், ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்ற உத்தரவு வந்தது. 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கு, அவர்களது பெற்றோரை இன்னமும் நீதிமன்ற வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது.

அந்த ஆண்டுகளில் நானும் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். வெளியே போகும்போது அடையாள அட்டையுடன் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸில் தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டோம். எடுத்தால் தமிழில் பேச வேண்டிவரும். காலி வீதியில் சவோய் திரையரங்கைக் கடக்கும்போதெல்லாம் சுவரொட்டிகளைப் பார்ப்பேன். உள்ளே போய் இரண்டரை மணித்தியாலம் இருட்டில் இருக்க மனம் வராது.

இந்தக் காலத்தில்தான் தர்ஷன் "ஏ9" என்ற சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தின் மூலம் நடிப்புக்கு வந்தார். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் அந்த வீதி 2006 ஓகஸ்ட்டிலிருந்து மூடிக் கிடந்தது. வீதி மூடியிருந்த நாட்டில், அந்த வீதியின் பெயரைத் தாங்கிய நாடகம் ஒரு தமிழ் நடிகருக்கு வாசலைத் திறந்தது. தொடர்ந்து 2008இல் இரண்டு படங்கள் வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறானவை.

ஒன்று "மச்சான்". இத்தாலியரான உபெர்த்தோ பசோலினி இயக்கிய இந்தப் படம் உண்மைச் சம்பவம் ஒன்றை வைத்து எடுக்கப்பட்டது. 2004இல் "இலங்கைத் தேசிய கைப்பந்து அணி" என்று சொல்லிக்கொண்டு ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக்குப் போன 23 பேர், சில போட்டிகளில் படுதோல்வி அடைந்த பின் காணாமல் போனார்கள். அப்படி ஒரு தேசிய அணியே இலங்கையில் இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட இந்தப் படத்தில் கொழும்புச் சேரியின் சிங்களவரும் தமிழரும் ஒரே வறுமையிலிருந்து ஒரே விசாவுக்காகப் போராடுகிறார்கள். புலம்பெயர்ந்த ஒருவராவது உள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் வலி தெரியும்.

மற்றொன்று "பிரபாகரன்". துஷார பீரிஸ் இயக்கியது. யுத்தம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வந்த படம். தமிழர் தரப்பு அதைப் பிரசாரப் படமாகவே பார்த்தது. 2008 மார்ச்சில் பிரதி எடுப்பதற்காகச் சென்னைக்குப் போன இயக்குநர் அங்கே தாக்கப்பட்டார். அந்தப் படத்தில் தர்ஷன் நடித்திருந்தார். இதைத் தவிர்த்துவிட்டு அவருக்கு ஒரு புகழ்மாலை எழுதலாம். அது அவருக்கும் நியாயமாகாது, வாசகர்களுக்கும் நியாயமாகாது.

"புலி" வேடம்

ஒரு நடிகர் எந்தப் பாத்திரத்தை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்பது அவரது கையிலிருக்கும் வாய்ப்புகளைப் பொறுத்தது. பெயர் பெற்றவர் மறுக்கலாம். வாசலில் நிற்பவர் மறுத்தால் அடுத்த அழைப்பு வராது. சிங்களத் திரையில் ஒரு தமிழ் இளைஞருக்கு 2008இல் இருந்த பாத்திரங்களை விரல்விட்டு எண்ணலாம்: தீவிரவாதி, தீவிரவாதியென்று சந்தேகிக்கப்படுபவர், உடைந்த சிங்களம் பேசிச் சிரிக்கவைக்கும் கடைக்காரர், தோட்டத் தொழிலாளி. காதலன், வைத்தியர், ஆசிரியர், அப்பா போன்ற பாத்திரங்கள் சிங்களப் பெயர்களுக்கு உரியவை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2001 செப்டெம்பருக்குப் பிறகு மேற்கத்திய படங்களில் நடிக்க வந்த அரபு, பாகிஸ்தானிய வம்சாவளி நடிகர்கள் இதே முறைப்பாட்டைச் சொன்னார்கள். அழைப்பு வரும், ஆனால் துப்பாக்கியும் தாடியும் கொண்ட பாத்திரத்துக்கே வரும். அவர்களில் சிலர் அந்த வாசலால் நுழைந்து, பிறகு உள்ளிருந்து வேறு வாசல்களைத் திறந்தார்கள். பலர் முதல் வாசலிலேயே தேய்ந்துபோனார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்ப் பாத்திரத்தையே தமிழருக்குக் கொடுக்காத காலமும் இருந்தது. அசோக ஹந்தகம 2000இல் எடுத்த "மே மகே சந்தய்" யுத்தத்தைத் துணிந்து விமர்சித்த படம். அதில் வரும் தமிழ்ப் பெண்ணாக நடித்தவர் சிங்கள நடிகையான தில்ஹானி ஏக்கநாயக்க. பிரசன்ன விதானகே 2012இல் எடுத்த "ஒப நாதுவ ஒப எக்க" படத்தில் செல்வி என்ற தமிழ்ப் பெண்ணாக நடித்தவர் இந்தியாவின் அஞ்சலி பாட்டீல். இருவரும் நல்ல நடிகைகள். இரு இயக்குநர்களும் எங்கள் பக்கம் நின்று யோசித்தவர்கள். ஆனாலும் நல்ல நோக்கம் கொண்ட படங்களிலும் எங்கள் கதையை எங்கள் முகம் சொல்லவில்லை என்பது உண்மை. அந்த நிலைமையோடு ஒப்பிட்டால், தமிழ்ப் பாத்திரத்தில் ஒரு தமிழர், தமிழைத் தமிழாகவே பேசிக்கொண்டு திரையில் நிற்பது சிறிய மாற்றம் அல்ல. அந்த மாற்றம் தர்ஷனின் உடலோடு நடந்தது.

"இனி அவன்"

2012இல் இரண்டு படங்கள் அவரை முதன்மைப் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தன.

பூடி கீர்த்திசேன இயக்கிய "மாதா", இறுதி யுத்தத்தின் நடுவே காதலிக்கும் இரு போராளிகளின் கதை. படத்தின் அரசியலோடு உடன்படாதவர்கள்கூட, போராளியைக் காதலிக்கத் தெரிந்த மனிதனாகக் காட்டியதைக் கவனித்தார்கள்.

அதைவிட முக்கியமானது "இனி அவன்". "மே மகே சந்தய்" எடுத்த அதே ஹந்தகம, இம்முறை முழுப் படத்தையும் தமிழில் எடுத்தார். பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர்களையே தேர்ந்தார். தர்ஷனுடன் சுபாசினி பாலசுப்பிரமணியம், நிரஞ்சனி சண்முகராஜா ஆகியோர் நடித்தார்கள். சிங்கள இயக்குநர் ஒருவர் யாழ்ப்பாண மண்ணில் தமிழில் படம் எடுப்பது முதல் தடவை அல்ல. தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணக் கலைஞர்களை வைத்து "பொன்மணி" எடுத்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே 35 ஆண்டுகளும் ஒரு யுத்தமும் கிடக்கின்றன.

புனர்வாழ்வு முடிந்து ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளிதான் கதையின் மையம். அரச கணக்கின்படி யுத்தத்துக்குப் பின் 12,000க்கும் மேற்பட்டவர்கள் புனர்வாழ்வு முகாம்களின் வழியாக வெளியே வந்தார்கள். எண்ணிக்கையாகத் தெரிந்த அவர்களை ஒரு மனிதனாகத் திரையில் காட்டிய படம் இது. தலைப்பே அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. அவன், அவ்வளவுதான்.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஊர் அவனை வரவேற்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அவனை முறைக்கின்றன. இயக்கத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் வயதானவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட அவனது காதலி, இப்போது குழந்தையோடு விதவையாக இருக்கிறாள். வேலை தேடி அலைந்து ஒரு கடையில் காவலாளி ஆகிறான். அதற்காக வேலை இழந்த பழைய காவலாளியின் மனைவி அவன் முன் வந்து நிற்கிறாள். துப்பாக்கியை விட்டு வந்தவனைத் துப்பாக்கி தெரிந்தவன் என்பதற்காகவே பயன்படுத்தப் பார்க்கிறார்கள் பணக்காரர்கள்.

இந்தப் படத்தை ஊடகக் கற்கைநெறியின் வகுப்பு ஒன்றில் முதலில் பார்த்தேன். சட்டகம், ஒளி, குறியீடு என்று அன்று பேசினோம். சில வருடங்கள் கழித்துச் செய்திக்காகக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய் முன்னாள் போராளிகளுடன் பேசத் தொடங்கிய பிறகு, படத்தை மறுபடி பார்த்தேன். அப்போது என் கண்ணில் பட்டது தர்ஷனின் தோள்கள். ஊருக்குள் நடக்கும்போது அவர் தோளைச் சற்று உள்வாங்கி, இடத்தைக் குறைத்துக்கொண்டு நடக்கிறார். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை, கேட்டவரின் கையைப் பார்க்கிறார். நான் சந்தித்தவர்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். வசனத்தை விட அதிகமாக மௌனத்தில் நடிக்க வேண்டிய பாத்திரம் அது. அவர் அதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்தார்.

படம் 2012இல் கான் திரைப்பட விழாவின்போது, அசிட் என்ற சுயாதீன சினிமாப் பிரிவில் திரையிடப்பட்டது. பின்னர் ரொறன்ரோ உட்பட வேறு விழாக்களுக்கும் போனது. இறக்குவானையில் பிறந்த ஒருவரின் முகம் கானின் திரையில் தமிழ் பேசியது.

எந்தத் தமிழ்?

"இனி அவன்" வெளிவந்தபோது வடக்கில் எழுந்த விமர்சனங்கள் இரண்டு வகையின. சிங்கள இயக்குநர் எங்கள் போராளியின் கதையைச் சொல்லலாமா என்பது ஒன்று. பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சாக இருக்கிறதா என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தின் இழுப்பு ஒன்று, மட்டக்களப்பின் ஓசை வேறு, மலையகத்தின் சொல் வேறு, கொட்டாஞ்சேனையின் கலப்புத் தமிழ் இன்னும் வேறு. ஒன்றைப் பேசி வளர்ந்தவர் மற்றொன்றைத் திரையில் பேசுவது கடினமான பயிற்சி. அதற்கான ஆசிரியர்களோ நடிப்புப் பள்ளிகளோ எங்களிடம் இல்லை. தென்னிந்தியத் திரையில் ஈழத் தமிழ் படும் பாட்டை நாங்கள் கேலி செய்கிறோம். ஆனால் எங்களுக்குள்ளேயே ஒரு மலையகத் தமிழர் யாழ்ப்பாணத்தவராக நடிக்க என்ன உதவி செய்தோம் என்று கேட்டால் பதில் இல்லை.

முதல் கேள்விக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிரான்ஸிலிருந்து ஒரு ஒப்பீடு கிடைத்தது. 2015 மே மாதம் ஜாக் ஓடியாரின் "தீபன்" கானின் உயர் விருதான தங்கப்பனை விருதை வென்றது. முன்னாள் போராளியாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்பருவத்தில் இயக்கத்தில் இருந்து, 1993இல் பிரான்ஸுக்குப் போன அந்தோனிதாசன் யேசுதாசன். எழுத்தாளர் ஷோபாசக்தி என்றே நாங்கள் அவரை அறிவோம். பாத்திரங்கழுவுவது முதல் பல வேலைகள் செய்து பிழைத்தவர். அவர் தனது அனுபவத்திலிருந்து நடித்தார். தர்ஷன் தனது கவனிப்பிலிருந்து நடித்தார். இரண்டு படங்களையும் எடுத்தவர்கள் தமிழர் அல்லர். இரண்டிலும் மையத்தில் இருப்பது யுத்தத்திலிருந்து வெளியேறிய பின்னும் யுத்தம் விடாத ஒரு தமிழன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்வேன். ஒன்று வெளியேறியவரின் கதை, மற்றது திரும்பிவந்தவரின் கதை. எங்கள் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கின்றன.

சிரிப்பு வேடமும் கிடைத்தது

2018இல் கிங் ரட்ணம் இயக்கிய "கோமாளி கிங்ஸ்" திரையரங்குகளுக்கு வந்தது. இலங்கையில் உருவான முழுநீளத் தமிழ்ப் படம், துப்பாக்கியும் முகாமும் இல்லாமல், கொழும்புத் தமிழர்களின் நகைச்சுவையோடு. தர்ஷனும் நிரஞ்சனியும் அதில் நடித்தார்கள். 1976இன் "கோமாளிகள்" படத்தை நினைவூட்டும் பெயரோடு வந்த அந்தப் படம், 42 ஆண்டுகளுக்கு முன் ராம்தாஸும் செல்வசேகரனும் விட்டுப்போன இடத்தைத் தொட்டது. பத்து ஆண்டுகள் சிங்களத் திரையிலும் தொலைக்காட்சியிலும் உழைத்த ஒருவருக்குத் தனது மொழியில், தனது நகரத்தில், சாதாரண மனிதனாகத் தோன்ற ஒரு படம் கிடைத்தது.

இந்த இடத்தில் நின்றுதான் அவரது பாதையை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். 2008இல் அவர் ஏற்ற ஒரு பாத்திரத்தை மட்டும் வைத்து அவரை ஒதுக்கினால், 2012இல் அவர் தந்ததை இழப்போம். 2012ஐ மட்டும் வைத்துக் கொண்டாடினால், ஒரு தமிழ் நடிகர் மேலே வருவதற்கு எந்த வழியால் வரவேண்டியிருந்தது என்பதை மறைப்போம். யுத்தத்தில் உறவுகளை இழந்த ஒருவருக்கு அவரது சில படங்களைப் பார்க்கவே முடியாமல் இருக்கலாம். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கோபத்தின் முகவரி, வாசலில் நின்ற நடிகர் அல்ல. ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்திருந்த துறைதான்.

இனி

ஒரு நடிகரின் வேலை படச்சுருளிலோ கோப்பிலோதான் இருக்கிறது. 1983இல் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது போனவை திரும்பவில்லை. எழுபதுகளின் இலங்கைத் தமிழ்ப் படங்களில் பலவற்றை இன்று பார்க்க வழியில்லை. தர்ஷனின் தொலைக்காட்சி நாடகங்களும் அதே கதிக்கு ஆளாகக்கூடாது. "இனி அவன்" படத்தை யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பொது மண்டபங்களில் காட்டி, பின்னர் அமர்ந்து பேசலாம். அதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு திரையும், இயக்குநரின் அனுமதியும், முன்னாள் போராளிகளைப் பார்வையாளராக மட்டுமன்றிப் பேச்சாளராகவும் அழைக்கும் மனமும் போதும்.

கொழும்பில் இன்று குறும்படம் எடுக்கும் தமிழ் இளைஞர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். தொலைபேசியிலேயே படமெடுத்து வெளியிடுகிறார்கள். அவர்களில் சிலரை இந்த வேலைக்காகச் சந்தித்திருக்கிறேன். பெரும்பாலானோரின் கனவு இன்றும் சென்னைதான். சிங்களத் திரை பற்றிக் கேட்டால், "அங்கே எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரோடு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்து வாசலில் நிற்பவர், எந்தப் பாத்திரத்தை ஏற்பது, எதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்வது என்பதைத் தெரிந்து முடிவெடுப்பார்.